செயற்கைக்கோள் மழையை நம்பி நீர்வரத்தைக் கணிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஆற்றுப்படுகையில் இரண்டே மழைமானிகள். அவற்றிலும் பல மாதப் பதிவு இல்லை. அணைக்கான நீர்வரத்தைச் செயற்கைக்கோள் மழைத்தரவை மட்டும் வைத்துக் கணிக்கலாமா? ஓர் ஆலோசகர் "1 கி.மீ. துல்லியத் தரவு" தருவதாகச் சொல்லி விலை பேசுகிறார்.

பதில்: முதலில் அந்த விலைப்பேச்சை நிறுத்துங்கள். நாசாவின் ஐமெர்க் (IMERG) என்ற செயற்கைக்கோள் மழைத்தரவு இலவசம்; பதிவுசெய்துகொண்டு யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதன் ஒரு கட்டத்தின் பக்கம் 0.1 பாகை, நிலநடுக்கோட்டருகே சுமார் 11 கி.மீ. அதைத்தான் பலர் நூறு துண்டாக வெட்டி, ஓரங்களை வழவழப்பாக்கி, '1 கி.மீ.' என்று விற்கிறார்கள். படம் பளபளக்கும், மழையைப் பற்றிப் புதிதாக எதுவும் அதில் இராது.

ஐமெர்க்கில் சில மணி நேரத்தில் வரும் தரவு வேறு. மழைமானிகளோடு ஒப்பிட்டுத் திருத்தி, சில மாதம் கழித்து வரும் இறுதித் தரவு வேறு. மழையிலிருந்து நீர்வரத்தைக் கணக்கிடும் கணினி மாதிரியை இறுதித் தரவில் சீரமைத்துக் காட்டிவிட்டு, அன்றாடக் கணிப்புக்கு உடனடித் தரவைத் திணிப்பது வாடிக்கையான ஏமாற்று. நாள் கணக்கையும் பாருங்கள். ஐமெர்க்கில் நாள் கிரீன்விச் நள்ளிரவில் தொடங்கும். மழைமானியை அளப்பதோ பெரும்பாலும் காலையில்.

உங்கள் இரண்டு மானிகளும் பயன்படும். பதிவுள்ள மாதங்களின் மழைக் கூட்டுத்தொகையை, அந்த மானி இருக்கும் கட்டத்தின் செயற்கைக்கோள் மழையோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தால் திருத்துங்கள். சமவெளிக்கு இது போதும்.

மலைக்குப் போதாது. நிலப்பரப்பில் பெய்யும் மழையைச் செயற்கைக்கோளின் நுண்ணலை உணரிகள் பெரும்பாலும் மேகத்திலுள்ள பனித்துகள்களை வைத்தே ஊகிக்கின்றன. காற்று மோதும் சரிவில் தாழ்ந்த மேகம் பனித்துகளே இல்லாமல் மணிக்கணக்கில் கொட்டும்; செயற்கைக்கோள் அதைப் பாதியாகக் காட்டும், சில நாள் சுழியமாகவே காட்டும். சுழியத்தை எதால் பெருக்கினாலும் சுழியம்தான். சமவெளி மானியின் விகிதம் அங்கே செல்லாது. ஆறு மலையில் பிறக்கிறதென்றால் மேலே ஒரு மானியாவது வையுங்கள். அதற்கு அனுமதி கேட்டால் கோப்பு மேசை மேசையாக அலையும், தெரியும். விண்வெளியிலிருந்து மழைக்கணக்கு நாலைந்து மணி நேரத்தில் வருகிறது. பக்கத்து அலுவலகத்து மழைப்பதிவேட்டுக்கு மட்டும் விண்ணப்பம், முத்திரை, மாதக்கணக்கில் காத்திருப்பு!

இன்னொன்று: மழைத்தரவு தப்பாக இருந்தாலும், கணித்த நீர்வரத்தின் வரைபடம் அளந்த நீர்வரத்தோடு பொருந்திவிடும். மண் உறிஞ்சும் அளவையும் ஆவியாதலையும் இழுத்துப் பிடித்து மாதிரியே சரிக்கட்டிவிடும். அதனால் ஓர் ஆண்டு நீர்வரத்தைப் படுகைப் பரப்பால் வகுத்து, மழையோடு ஒப்பிடுங்கள். மழையைவிட ஓடிவந்த நீர் அதிகம் என்றால், வெளியிலிருந்து நீர் திருப்பிவிடப்படாதவரை, மழைத்தரவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சீரமைப்பில் சேர்க்காத ஆண்டுகளின் முடிவையும் ஆலோசகரிடம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.