ஷெல் லூப்பில் சிக்கல்: வேலூர்ப் பக்கத்து வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். லினக்ஸ் ஷெல்லில் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), ஒரே வேலையை ஒவ்வொரு கோப்புக்கும் திரும்பச் செய்யும் ஃபார் லூப்பில் எல்எஸ் (கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்து பில்களை நகலெடுத்தால், 'மார்ச் பில்.பிடிஎஃப்' மட்டும் இரண்டு துண்டாகி, அப்படியொரு கோப்பே இல்லை என்கிறது.

பதில்: எல்எஸ் கொடுப்பது வெறும் எழுத்துதான். இடைவெளி, டேப், வரிமுடிவு எங்கே வந்தாலும் ஷெல் அதை வெட்டிவிடும். எல்எஸ்ஸை எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி, புள்ளி, பிடிஎஃப் என்று நேரடியாகப் போடுங்கள். ஒவ்வொரு பெயரும் முழுசாக வரும். அதோடு, லூப்புக்குள் கோப்பின் பெயரை வைத்திருக்கும் மாறி (வேரியபிள்) வருகிற எல்லா இடத்திலும் இரட்டை மேற்கோள் வேண்டும். இல்லையென்றால் அங்கே மறுபடி வெட்டுப்படும். நகலெடுக்கும்போது மறந்தால் பிழைச்செய்தியோடு போகும். கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளையில் மறந்தால், 'பில்.பிடிஎஃப்' என்று வேறொரு கோப்பு இருந்தால் அது அழிந்துபோகும், குப்பைத்தொட்டியிலும் கிடைக்காது. தயவுசெய்து முதலில் எக்கோ (திரையில் காட்டும் கட்டளை) போட்டுப் பெயர்களைப் பார்த்துவிட்டுப் பிறகு கோப்புகளை அழிக்கலாம்.

இன்னொன்று: ஃபோல்டரில் பிடிஎஃப்பே இல்லாவிட்டால், அந்த நட்சத்திரமே பெயராக ஒருமுறை லூப்புக்குள் வரும். கோப்பு உண்மையில் இருக்கிறதா என்று உள்ளே சோதியுங்கள். உங்கள் ஷெல் பாஷ் என்றால், நல்குளோப் என்ற அமைப்பை இயக்கினால் போதும், கோப்பு இல்லாதபோது லூப் ஓடாது.

கேள்வி: பட்டியலை வரிவரியாகப் படிக்கும் வைல் ரீட் லூப்பில் 12 சர்வர்களுக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் கட்டளை) மூலம் போகிறேன். முதல் சர்வரோடு நின்றுவிடுகிறது. (ராணிப்பேட்டை)

பதில்: மீதி 11 பெயர்களையும் எஸ்எஸ்எச்சே உள்ளீடாக வாங்கிக்கொள்கிறது. அதற்கு மைனஸ் என் (-n) கொடுங்கள், உள்ளீட்டைத் தொடாது.

கேள்வி: குடியாத்தம் நெசவாளர் பட்டியல், விண்டோஸில் தயாரித்தது. கடைசிப் பெயர் மட்டும் விடுபடுகிறது.

பதில்: கடைசி வரிக்குப் பின் வரிமுடிவு இல்லை. ரீட் அந்தப் பெயரை மாறியில் நிரப்பிவிட்டு, தோல்வி என்று சொல்லித் திரும்புகிறது, லூப் முடிந்துவிடுகிறது. வைல் நிபந்தனையில் 'அல்லது மாறி காலியாக இல்லை' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கோப்பு என்பதால் மற்ற பெயர்களின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டியிருக்கும்; அதை நீக்கும் டாஸ்2யூனிக்ஸ் நிரலை முதலில் ஓட்டுங்கள். ரீட்டுக்கு மைனஸ் ஆர் (-r) கட்டாயம், இல்லாவிட்டால் பின்சாய்வுக் கோடுகள் காணாமல் போகும்.

கேள்வி: கேட் (கோப்பை வெளியிடும் கட்டளை) கொடுத்து, பைப் (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் குறி) வழியாக லூப்பில் வரிகளை எண்ணினால், லூப் முடிந்ததும் எண்ணிக்கை பூஜ்யம். (காட்பாடி மாணவி)

பதில்: பாஷில் பைப்புக்குப் பின்னால் வரும் லூப் தனி ஷெல்லில் ஓடுகிறது, எண்ணிக்கை அதோடு மறைந்துவிடும். கேட், பைப் இரண்டையும் விட்டுவிட்டு, லூப்பை முடிக்கும் டன் (done) என்ற சொல்லுக்குப் பின் சிறியது குறி (<) போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள்.

கேள்வி: கோப்புக்குத் தமிழில் நீளமாகப் பெயர் வைத்தால் லினக்ஸ் ஏற்பதில்லையே?

பதில்: லினக்ஸில் கோப்புகளைச் சேமிக்கும் எக்ஸ்ட்4 முறையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கு 3 பைட். கொம்பும் புள்ளியும் தனித்தனி 3. 'வேலூர்' மட்டுமே 18 பைட்.