சிங்கப்பூர்ல ஓ.டி சம்பளம் சரியா வருதான்னு நீங்களே கணக்கு போட்டு பாருங்க

கேள்வி: அண்ணே, எனக்கு புதுக்கோட்டை பக்கம். சிங்கப்பூர்ல கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனில ஒர்க் பெர்மிட்ல இருக்கேன், பேசிக் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). திங்கள்லேர்ந்து வெள்ளி வரை காலைல 8 மணிக்கு ஆரம்பிச்சா நைட் 8 மணி ஆகும், சனிக்கிழமை 5 மணி வரைக்கும், நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாடு. ஓ.டி மணிக்கு 4 வெள்ளிதான் தர்றாங்க, சனிக்கிழமைக்கு ஓ.டியே கிடையாதுன்னு சொல்றாங்க. இது சரியா? கேட்டா ஊருக்கு அனுப்பிடுவாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்: சரியே இல்ல தம்பி. ரெண்டு இடத்துல உங்க காசு போகுது.

மொதல்ல ரேட். சைட்ல உடம்பால வேலை செய்றவங்களுக்கு பேசிக் மாசம் 4,500 வெள்ளிக்குள்ள இருந்தா அங்க உள்ள வேலை நியமனச் சட்டப்படி ஓ.டிக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தே ஆகணும், பெர்மிட்ல வந்தவங்களுக்கும் இதேதான். மணிக்கு எவ்வளவுன்னு பார்க்க பேசிக்கை 12ஆல பெருக்கி, 52 வாரம் இன்ட்டு 44 மணி, அதாவது 2,288ஆல வகுக்கணும். உங்களுக்கு 9,600ஐ 2,288ஆல வகுத்தா 4.20 வெள்ளி வருது, ஒன்றரை மடங்குன்னா 6.29. அவங்க தர்ற 4 வெள்ளி உங்க சாதாரண மணி நேரச் சம்பளத்தைவிடவே கம்மி, நைட் வரைக்கும் நின்னு செய்ற வேலைக்கு பகல் வேலையைவிட கம்மியா குடுக்கறாங்கன்னா அதை என்னால சும்மா விட முடியல.

அடுத்தது சனிக்கிழமை, நெறைய பேர் ஏமாறுறது இங்கதான். வாரத்துக்கு 44 மணிதான் சாதாரண வேலை நேரம், அஞ்சு நாள் எட்டெட்டு மணின்னா 40 ஆயிடுது, சனிக்கிழமை முதல் 4 மணி நேரத்தோட 44 முடிஞ்சது, அதுக்கப்புறம் செய்ற 4 மணி நேரமும் ஓ.டிதான். அப்ப உங்களுக்கு வாரம் 15 பிளஸ் 4, மொத்தம் 19 மணி, மாசத்துக்கு சுமாரா 82 மணி, வர வேண்டியது 515 வெள்ளிக்கு மேல. அவங்க சனிக்கிழமையை விட்டுட்டு மாசம் 65 மணிக்கு நாலு நாலு வெள்ளியா போட்டு 260தான் குடுக்கறாங்க. ஒவ்வொரு மாசமும் 255 வெள்ளி, ஏஜென்ட்டுக்கு கட்டின கடனை நெனச்சு பாருங்க. லாரில போய் வர்ற நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் பொதுவா சேர்க்க முடியாது, அதனால நான் அதை விட்டுட்டேன்.

இன்னொண்ணு, ஓ.டி மாசத்துக்கு 72 மணியைத் தாண்டக் கூடாது, ஒரு நாள் வேலை எல்லாம் சேர்த்து 12 மணி. அதுக்கு மேலன்னா கம்பெனி மனிதவள அமைச்சுகிட்ட விலக்கு வாங்கியிருக்கணும். சில இடத்துல "72க்கு மேல செஞ்சது சட்டத்துல இல்ல, அதனால காசும் இல்ல"ன்னு சொல்வாங்க, நம்பாதீங்க, செஞ்ச வேலைக்கு காசு உண்டு, தப்பு கம்பெனி மேலதான். இந்த எல்லையை லேசா நெனக்காதீங்க, தூக்கமில்லாம உயரத்துல நின்னு வேலை செய்றவன் உயிர் சம்பந்தப்பட்டது அது. ஓய்வு நாள்ல அவங்க கூப்பிட்டு அரை நாளுக்கு மேல வேலை வாங்கினா ரெண்டு நாள் பேசிக் தரணும்.

பேசிக் எவ்வளவுங்கறதுக்கு உங்க ஐ.பி.ஏ பேப்பர்தான், அதாவது பெர்மிட்டுக்கு முன்னாடி மனிதவள அமைச்சு குடுத்த ஒப்புதல் கடிதம்தான் முக்கியம். அதுல ஒரு தொகை, கையில குடுத்த கான்ட்ராக்ட்ல வேற தொகைன்னு இருந்தா, ஐ.பி.ஏல போட்டதைத்தான் பேசிக்கா எடுத்துக்கணும், இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கம்பெனின்னு 2017ல ஹைகோர்ட்டே சொல்லியிருக்கு. நீங்க எழுத்துல ஒத்துக்காம பேசிக்கை குறைக்க முடியாது, அதனால புரியாத பேப்பர்லயும் நிரப்பாத டைம் ஷீட்லயும் யார் மிரட்டினாலும் கையெழுத்து போடாதீங்க.

பயத்தைப் பத்தி கேட்டீங்க. பெர்மிட்டை கேன்சல் பண்ற உரிமை கம்பெனிக்கு இருக்குங்கறது உண்மை, ஆனா பாக்கி சம்பளத்தை செட்டில் பண்ணாம உங்களை அனுப்பக் கூடாது. அப்படியே கட்டாயப்படுத்தி சாங்கி ஏர்போர்ட்டுக்கு கூட்டிட்டு போயிட்டாலும் இமிக்ரேஷன் கவுன்டர்ல நின்னு "எனக்கு சம்பள பாக்கி இருக்கு"ன்னு அதிகாரிகிட்ட சொல்லிடுங்க.

புகாரை சம்பளத் தகராறைத் தீர்த்து வைக்கிற டேடிஎம் (TADM) அமைப்புல குடுக்கணும், வேலைல இருக்கும்போது ஒரு வருஷத்துக்குள்ள, வேலையை விட்டுட்டா கடைசி நாள்லேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள. தள்ளிப் போட்டா பழைய மாசமெல்லாம் ஒண்ணொண்ணா கையை விட்டு போயிடும். தனியா போக தயக்கமா இருந்தா வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு போங்க, உதவி செய்வாங்க.

அதுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்கி தேதி, ஆரம்பிச்ச மணி, முடிச்ச மணி, எந்த சைட்டுன்னு அன்னன்னிக்கே எழுதுங்க. டைம் கார்டையும் பே ஸ்லிப்பையும் போட்டோ எடுங்க, சூப்பர்வைசர் வாட்ஸ்அப்ல "நாளைக்கு 8 மணி வரை வேலை"ன்னு போட்ட மெசேஜை அழிக்காதீங்க, பழைய மாசத்துக்கெல்லாம் அதுதான் சாட்சி. எல்லாத்தையும் ஊர்ல இருக்கற யாருக்காவது அனுப்பி வைங்க, போன் தொலைஞ்சாலும் அது இருக்கும்.