மாய உலகக் கதைக்கு ஒரு கொடிய வேட்டை விலங்கை நம்பும்படி படைப்பது எப்படி?

நீங்கள் எழுதும் மாய உலகக் கதைக்கு ஒரு கொடிய விலங்கு வேண்டும், ஆனால் அது சிறகும் நெருப்புமாக வரும் பழைய வகையாக இருக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். பல்லையும் நகத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வேலூர்க்காரன் என்பதால் எனக்கு முதலில் யாளிதான் நினைவுக்கு வருகிறது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில், விஜயநகரக் காலச் சிற்பிகள் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் வடித்திருக்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு குறையாது. ஆயினும் யாளிக்குப் பசி கிடையாது. அதைத் தூணிலிருந்து இறக்கிக் காட்டில் விட்டால், மறுநாள் இரைக்கு எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை இருக்காது.

உண்மையான வேட்டை விலங்குகளுக்கு இந்தக் கணக்கு மிகக் கறாரானது. ஒரு புலி ஆண்டுக்குச் சுமார் 50 பெரிய விலங்குகளைக் கொல்கிறது. அந்த இழப்பு ஈடாகிக்கொண்டே இருக்க, அதன் எல்லைக்குள் ஏறத்தாழ 500 இரை விலங்குகள் இருந்தாக வேண்டும். முதலையோ மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், ஏனெனில் உடலைச் சூடாக வைத்திருப்பதற்கென்று அது தீனியைச் செலவழிப்பதில்லை. வறண்ட நிலத்துக்கு ஏற்றது இந்த இரண்டாவது வகைதான்.

நான் எழுதிவரும் கதையின் நிலம் பாலாற்றை ஒத்தது: ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல், தண்ணீர் வேண்டுமென்றால் ஊற்றுத் தோண்ட வேண்டும். அங்கே வாழும் 'ஊற்றடியான்' என்ற விலங்குக்கு முன்மாதிரி குழிநரி. திண்ணையோரத்து உலர்ந்த மண்ணில் புனல் வடிவில் குழி பறித்து, அடியில் உடலைப் புதைத்துக்கொண்டு, தாடைகளை மட்டும் விரித்து வைத்துக் காத்திருக்கும் பூச்சி அது. விளிம்பில் கால் வைத்த எறும்பு மேலே ஏற முயன்றால், தலையால் மண்ணை வாரி வீசும். எறும்பு சரியும் மண்ணோடு சறுக்கித் தாடைக்கே வந்து சேரும். உள்ளிருப்பதை உறிஞ்சியபின் வெறும் கூட்டைக் குழிக்கு வெளியே எறிந்துவிடும்.

இந்தப் பூச்சியை அப்படியே மாட்டளவுக்குப் பெரிதாக்கினால், பூச்சிகள் மூச்சுவிடும் முறை அந்த உடலுக்குப் போதாது. ஆகவே நுரையீரல் உள்ள பல்லி உடலைக் கொடுத்து, வேட்டை முறையை மட்டும் குழிநரியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஊற்றடியான் குழி தோண்டுவதில்லை. மனிதர்கள் தோண்டிய ஊற்றின் அடியில் இரவில் வந்து படுத்து, குடம் வைக்கும் அதிர்வுக்காகக் காத்திருக்கிறது. அதனால் அந்த ஊரார் மாலையில் ஊற்றைத் தூர்த்துவிட்டு, காலையில் வேறிடத்தில், மூங்கில் கழியால் மணலைக் குத்திப் பார்த்தபின் தோண்டுகிறார்கள். தண்ணீருக்குப் போகும் பெண்ணின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கரையில் இருவர் பிடித்திருப்பார்கள். விலங்கை ஒருமுறைகூடக் காட்டாமலே இந்தக் கயிற்றால் அச்சத்தைச் சொல்லிவிட முடிகிறது என்பது என் கருத்து.

வெள்ளம் வந்தால் அது என்ன செய்யும் என்று யோசித்ததில்தான் கதையின் பிற்பாதி கிடைத்தது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவர்களுக்கு, அந்த மணல் முழுவதும் நீருக்கடியில் போவது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நுரையீரல் உள்ள விலங்கு அங்கே மூச்சுத் திணறிச் சாகும். ஆகவே கரையேறி ஊருக்குள் வந்தாக வேண்டும். தரையில் அது மந்தமானது, மழைக் குளிரில் இன்னும் மந்தமாகும், பகலில் பார்த்தால் கழியாலேயே அடித்துவிடலாம். இதற்கு மேல் நஞ்சோ மாய சக்தியோ சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஊராரின் கயிறும் கழியும் பயனற்றுப் போய், உங்கள் கதாநாயகன் ஒருவனைத் தவிர வேறு யாருக்கும் கதையில் வேலை இருக்காது.