'கூனிக் குறுகுவது' என்றால் என்ன? வெட்கப்படுவதும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. வெட்கம் என்பதற்குள் எல்லாம் அடங்கும். பெண் பார்க்க வரும்போது வருவதும் வெட்கம்தான், பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் வருவதும் வெட்கம்தான். நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர், தகாத செயலுக்கு நாணுவது வேறு, பெண்களின் இயல்பான நாணம் வேறு என்று பிரித்துவிடுகிறார். கூனிக் குறுகுவதில் அந்த இனிப்பான பக்கம் கிடையாது.

கூனுவது முதுகு வளைவது, குறுகுவது சிறுத்துப் போவது. நாலு பேர் பார்க்க நிற்கிறவர், கண்ணில் படாமல் போய்விட மாட்டோமா என்று உடம்பைச் சுருக்கிக்கொள்வது. தனியாக உட்கார்ந்து பழையதை நினைத்து வருந்தினால் 'மனசுக்குள் குமைந்தேன்' என்றுதான் எழுதுவேன்.

எங்கள் தங்கச்சிமடம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் அரிசி பருப்பு எல்லாம் கடனில்தான் ஓடும். அப்போது ஒருநாள், மளிகைக் கடைக்கு மகளோடு வந்தவரிடம் கடைக்காரர் நோட்டை விரித்துப் பழைய பாக்கியைச் சத்தமாக வாசித்தார். கடை நிறையக் கூட்டம். "போட்டு கடல்ல எறங்கட்டும் அண்ணாச்சி, குடுத்துர்றேன்" என்றார் அவர். பாதிக் குரல்தான் வெளியே வந்தது. வலை இழுத்து உரமேறிய தோள் முன்னால் மடிந்துவிட்டது. கையிலிருந்த மஞ்சள் பையை மடித்து மடித்து உள்ளங்கைக்குள் அடக்கப் பார்த்தார். பிள்ளை அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். தகாததைச் செய்தவர் நிமிர்ந்து நிற்க, பட்டவர் குறுகிப் போவார். இப்படிப்பட்ட இடத்தில் 'கூனிக் குறுகினார்' என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். 'கடைக்காரர் அவரைக் கூனிக் குறுக வைத்தார்' என்று எழுத வேண்டும்.

அப்புறம், 'முதலாளி முன் கூனிக் குறுகி நின்றான்' என்றும் சொல்கிறோம். அங்கே அவமானத்தைவிட பயமும் அடிமைத்தனமும்தான் பொருள். முன்பின் வாக்கியங்களைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

கூட்டத்தில் நீங்கள் ஒருவருடைய பெயரை மாற்றிச் சொல்லிவிட்டதற்கு இதை எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 'சங்கடமாகப் போய்விட்டது' போதும். அதே ஆள் எல்லோர் முன்னாலும் உங்களை எழுப்பி நிறுத்தித் திட்டியிருந்தால், தாராளமாக எழுதலாம்.