ஊருக்கே தெரிந்ததுதானே? – கடிதம்

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் பொறியியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். சப்ஃபைண்டர், அமாஸ், தி ஹார்வெஸ்டர் என்ற தகவல் திரட்டும் கருவிகள் மூன்றையும் கோத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு நிறுவனத்தின் டொமைன் பெயரை, அதாவது இணைய முகவரியைக் கொடுத்தால் போதும், அதன் துணை டொமைன்களையும் பணியாளர் மின்னஞ்சல்களையும் அதுவே திரட்டிவிடும். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் மேல் ஓட்டிப் பார்த்தேன். ஸ்கிரிப்டையும் கிடைத்த ரிசல்ட்டையும் எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் போட்டிருக்கிறேன். எல்லாம் பொதுவில் கிடைப்பவைதான், எதையும் உடைக்கவில்லை. இன்னும் வேகமாக்க என்ன சேர்க்கலாம்? பைத்தானை விட்டு கோ மொழிக்கு மாறலாமா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

ஸ்கிரிப்டைப் படித்தேன். ஒரே பெயர் மூன்று கருவியிலிருந்தும் வந்தால் அதை ஒரே வரியாக்கும் இடம் அழகு. இந்த வயதில் இப்படிக் கை வருவது எளிதில்லை. மொழி மாற்றத்தை விடுங்கள். சப்ஃபைண்டரும் அமாஸும் ஏற்கெனவே கோ மொழியில் எழுதியவைதான். அப்புறம் ரிசல்ட் கோப்பைத் திறந்தேன், கோபம் வந்தது.

'பொதுவில் கிடைப்பவை' என்கிறீர்கள். சரி. ஒரு தளத்துக்கு டிஎல்எஸ் சான்றிதழ், அதாவது இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழ் வாங்கினால் அந்தப் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும், யாரும் தேடிப் பார்க்கலாம். நிறுவனமே மறந்துபோன 'டெஸ்ட்', 'ஓல்டு' துணை டொமைன்கள் உங்களுக்கு அகப்பட்டது அப்படித்தான். பணியாளர்களின் மின்னஞ்சல்கள் தேடுபொறிகளில் சிதறிக் கிடக்கின்றன. அங்கங்கே கிடப்பதை ஒரே கோப்பில் அடுக்கியது நீங்கள்.

என் அப்பா குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியர். 1991 சென்சஸில் பக்கத்துத் தெருக்கள் அவர் பொறுப்பில் வந்தன. எழுதிய படிவங்களை டிரங்குப் பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். ஒரு நாள் பீடி கான்ட்ராக்டர் ஒருவர் வந்தார். எந்தெந்த வீட்டில் பீடி சுற்றுகிறார்கள், எத்தனை பெண்கள் என்று பார்க்க வேண்டுமாம். "ஊருக்கே தெரிஞ்சதுதானே வாத்தியாரே" என்றார். "அப்போ ஊரைக் கேளுங்க, என்கிட்ட ஏன் வரீங்க?" என்றார் அப்பா. அந்த ஆளிடம் வாங்கிய கைமாற்றை அப்பா இன்னும் திருப்பித் தரவில்லை. அப்படியும் பெட்டி திறக்கவில்லை.

1948ஆம் வருடச் சென்சஸ் சட்டமே அந்தப் படிவங்களை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்கிறது. சொத்து வழக்கில் சாட்சியமாகக்கூட அவற்றை எடுக்க முடியாது. ஆனால் அப்பாவைத் தடுத்தது சட்டம் மட்டுமில்லை. பட்டியல் கான்ட்ராக்டர் கைக்குப் போனால், வேறு கம்பெனிக்கும் சுற்றும் வீட்டுக்கு மறுவாரம் இலையும் தூளும் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். கான்ட்ராக்டருக்கும் ஒவ்வொரு வீடும் தெரியும்தான். அவர் கேட்டு வந்தது அலையாமல் கிடைக்கும் பட்டியலை.

இப்போது உங்கள் கோப்புக்கு வாருங்கள். கணக்குப் பிரிவுப் பெண்ணின் முகவரி, ஏற்றுமதி ஆவணங்கள் பார்ப்பவரின் முகவரி, கைவிடப்பட்ட வெப்மெயில் பக்கம், மூன்றும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. ஷூவின் மேல்பகுதியான அப்பரை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, அந்தப் பெண்ணின் பெயரில் மோசடிக்காரன் ஒருவனின் மெயில் போகும்: 'எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இந்த இன்வாய்ஸுக்கு இதில் பணம் அனுப்புங்கள்.' உலகம் முழுக்க ஏற்றுமதிக்காரர்களின் பணம் இப்படிப் போகிறது. போனால் முதலில் கூப்பிட்டு விசாரிக்கப்படுவது அந்தப் பெண்தான். அவர் யாரென்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? மோசடிக்காரன் நாள்கணக்கில் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்து, இலவசமாகவும் வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று, கடிதத்தில் நீங்கள் சொல்லாதது. ஸ்கிரிப்டின் கடைசியில் என்மேப் என்ற கருவி ஓடுகிறது. அது அவர்களுடைய சர்வரையே தொட்டு, எந்த போர்ட், அதாவது இணைப்பு வாசல், திறந்திருக்கிறது என்று பார்ப்பது. எழுத்தில் அனுமதி வாங்காமல் அதைச் செய்யாதீர்கள். பழகத்தான் வேண்டுமென்றால், என்மேப்காரர்களே 'ஸ்கேன்மீ' என்று ஒரு சர்வரைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இன்று ராத்திரியே கிட்ஹப்பில் இருக்கும் ரெப்போவை, அந்த முழுத் தொகுப்பையே, நீக்குங்கள். கோப்பை மட்டும் நீக்கினால் பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிவில், அப்படியே இருக்கும். பிறகு அந்த நிறுவனத்துக்கு உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள், நடந்ததை மறைக்காமல்: பழைய வெப்மெயில் இன்னும் திறந்திருக்கிறது, மூடிவிடுங்கள் என்று. பதில் வராவிட்டால் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கலாம். கடிதம் எழுத வராவிட்டால் வரைவை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து திருத்துவோம்.