ஆரல்வாய்மொழிக் காற்றைப் பந்தயக் காரின் ‘விங்’ சமாளிக்குமா?

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து வாரந்தோறும் ஹேட்ச்பேக் காரில் திருநெல்வேலி சென்று வருகிறேன். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பந்தயக் காரில் உள்ளதுபோல் பின்னால் ‘விங்’ மாட்டினால் கார் தரையோடு ஒட்டி ஓடும் என்று உதிரிபாகக் கடையில் சொல்கிறார்கள். மாட்டலாமா?

பதில்: மாட்ட வேண்டாம். பந்தயக் காரின் விங் என்பது கவிழ்த்து வைத்த விமான இறக்கை. காற்று அதை மேலே தூக்குவதற்குப் பதிலாகக் கீழே அழுத்துகிறது. அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் (வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு) என்பதால், எந்த வேகத்தில் ஓட்டுகிறோம் என்பதே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 120 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள நல்ல விங், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 7 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். டிக்கியில் ஒரு சிறிய ஏத்தன் வாழைக்குலையை வைத்ததற்கு அது ஈடு. அதே விங் 240 கி.மீ. வேகத்தில் ஒன்பது மடங்கு அழுத்தும். ஃபார்முலா 1 கார் 200 கி.மீ. வேகத்தை எட்டும் முன்பே தன் எடைக்கு நிகரான அழுத்தத்தைப் பெறுகிறது என்றால், அதில் பெரும்பங்கு காரின் அடித்தள வடிவமைப்பிலிருந்தும் வருகிறது.

உங்கள் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. விங் பின் அச்சுக்கும் பின்னால் நிற்பதால், பின்புறத்தை அழுத்தும்போது சீ-சா பலகைபோல் முன்புறத்தைச் சற்றுத் தூக்கும். இழுப்பதும் திருப்புவதும் பெருமளவு பிரேக் பிடிப்பதும் முன் சக்கரங்களே. அவற்றின் பிடிமானத்தைக் குறைக்க யாரும் பணம் செலவழிக்கக் கூடாது. டிக்கிக் கதவின் மெல்லிய தகடும் இத்தகைய இழுவையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. 1969 ஸ்பானிய கிராண்ட் பிரிக்ஸில், உயரத் தாங்கிகளில் நின்ற விங் முறிந்து கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் ஆகிய இருவரின் லோட்டஸ் கார்களும் ஒரே பந்தயத்தில் மோதின. தேர்ந்த பொறியாளர்கள் பொருத்தியவையே அவை.

உங்களுடைய உண்மையான எதிரி பக்கக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே நெருக்கப்பட்டுப் பாய்வதால்தான் முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அங்கே அது பெரும்பாலும் இடப்பக்கப் பின்புறத்திலிருந்து சாய்வாகத் தள்ளும். காவல்கிணற்றில் வடக்கே திரும்பியதும் இடப்பக்கத்தில் நேராக அறையும். நீங்கள் 80 கி.மீ. வேகத்தில் செல்கையில் 40 கி.மீ. வேகக் காற்று குறுக்கே வந்தால், காருக்கு அது 89 கி.மீ. வேகத்தில் சுமார் 27 பாகைச் சாய்வில் வரும் காற்றாகவே படும். அதன் தள்ளுவிசை காரின் எடை மையத்துக்கு முன்னால் செயல்படுவதால் மூக்குப் பகுதி வலப்புறம் விலகுகிறது. மேலிருந்து அழுத்தும் விங் இதைத் தடுக்காது. வேகத்தை 50 ஆகக் குறைத்தால் பக்கவிசை ஏறத்தாழ கால் பங்கு குறையும். காரைத் திருத்திக்கொள்ளக் கூடுதல் நேரமும் கிடைக்கும்.

மிகவும் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. பேருந்தை முந்தும்போது அதன் உடல் உங்களுக்குக் காற்று மறைப்பாக இருக்கும். அதன் முகப்பைத் தாண்டும் நொடியில் காற்று திடீரென அறைந்து காரைச் சாலையின் நடுத்தடுப்பை நோக்கித் தள்ளும். ஆகவே முகப்பை எட்டும் முன்பே இரு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கார் விலகினால் சிறிதளவே திருப்புங்கள். வெடுக்கென ஒடித்தால் அடுத்த நொடியில் எதிர்ப்புறம் பாயும். கூரை மேல் கேரியர் இருந்தால் அந்த மாதங்களில் கழற்றி விடுங்கள்.

விங்குக்கு ஒதுக்கிய பணத்தை டயருக்குச் செலவிடுங்கள். காற்றழுத்தம் குறைந்த டயரின் பக்கச்சுவர் நெளிவதால், ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு கார் தாமதித்தே திரும்பும். எனவே புறப்படும் முன், டயர் சூடாகாத நிலையில், ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அளவுப்படி காற்று நிரப்புங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். அவ்வளவு பழைய டயராக இருந்தால், பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகள்) தேயாமல் இருந்தாலும் மாற்றி விடுங்கள்.