வாசகர் கேள்வி – பதில்: பழைய உலாவியில் மறைந்த அரக்கு நிறம்

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்தும் என் சித்தப்பாவுக்காக ஓர் இணையதளம் அமைத்தேன். தலைப்புப் பட்டைக்கு அரக்கு நிறப் பின்னணி, அதன்மேல் வெள்ளை எழுத்து. என் கைபேசியில் சரியாகத் தெரிகிறது; பட்டறையில் இருக்கும் விண்டோஸ் 7 கணினியின் குரோம் 109-இல் பின்னணி வராததால் எழுத்தும் தெரியவில்லை. நிறத்தை ஓகேஎல்சிஎச் (oklch: ஒளிர்வு, நிறச்செறிவு, நிறக்கோணம் ஆகியவற்றால் நிறத்தைக் குறிக்கும் புதிய முறை) முறையில் ஒரு மாறியில் (மதிப்புக்குப் பெயரிட்டு வைத்து, வேண்டிய இடங்களில் அழைக்கும் வசதி) எழுதி, அதற்கு முந்தைய வரியில் அதே மாறிக்கு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல அளவுகளால் நிறத்தைக் குறிக்கும் பழைய முறை) மதிப்பையும் கொடுத்திருக்கிறேன். பிறகும் ஏன் இப்படி ஆகிறது, ஐயா?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பழைய உலாவிகளுக்கென்று ஆர்ஜிபி மதிப்பை முன்வரியில் எழுத நினைத்தது சரியான எண்ணமே. அதை மாறிக்குள் எழுதியதுதான் சிக்கல்.

ஓகேஎல்சிஎச் முறையைச் சஃபாரி 15.4 (2022 மார்ச்), குரோம் 111 (2023 மார்ச்), ஃபயர்ஃபாக்ஸ் 113 (2023 மே) ஆகிய பதிப்புகளிலிருந்துதான் உலாவிகள் அறியும். விண்டோஸ் 7-இல் இயங்கும் கடைசி குரோம் 109 என்பதால், அந்தக் கணினியில் அதைப் புதுப்பிக்க வழியில்லை. மாற்றம், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் உங்கள் ஸ்டைல்ஷீட்டில்தான் (சிஎஸ்எஸ் கோப்பு) நடக்க வேண்டும்.

பின்னணி நிறத்தை நேரடியாக இரண்டு வரிகளில், முதலில் ஆர்ஜிபி, அடுத்து ஓகேஎல்சிஎச் என்று எழுதினால், பழைய உலாவி தனக்குப் புரியாத இரண்டாம் வரியைப் படிக்கும்போதே தள்ளிவிட்டு முதல் வரியை வைத்துக்கொள்ளும். மாறியின் கதை வேறு. மாறிக்குள் இருப்பது நிறமா, அளவா என்று உலாவி அப்போது ஆராய்வதில்லை. எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே பின்னால் வந்த ஓகேஎல்சிஎச் மதிப்பே முந்தைய ஆர்ஜிபி மதிப்பை அழித்துவிடுகிறது. பிறகு பின்னணிக்கு அந்த மாறியை எடுக்கும்போதுதான் அது புரியாத மதிப்பு என்று தெரியவருகிறது. அதற்குள் திரும்பிப் போக வேறு மதிப்பு எதுவும் மிஞ்சியிருக்காது என்பதால், பின்னணி தன் இயல்பு நிலைக்கு, அதாவது நிறமே இல்லாத நிலைக்கு, வந்துவிடுகிறது. மாறியை அழைக்கும் இடத்தில் மாற்று மதிப்பு ஒன்றைச் சேர்த்தாலும் உதவாது. மாறியே இல்லாதபோதுதான் அந்த மாற்று எடுத்துக்கொள்ளப்படும், இங்கோ மாறி இருக்கிறது.

இதற்குச் செய்ய வேண்டியது இதுதான்: மாறியின் முதன்மை மதிப்பாக ஆர்ஜிபியை மட்டும் எழுதுங்கள். ஓகேஎல்சிஎச் மதிப்பை, அந்த முறையை உலாவி அறியுமா என்று சோதிக்கும் 'சப்போர்ட்ஸ்' (@supports) விதிக்குள் மீண்டும் அதே மாறிக்குக் கொடுங்கள். குரோம் 109 அந்த விதியை நன்றாகவே அறியும். சோதனையில் 'இல்லை' என்று விடை வந்ததும் உள்ளிருப்பதைத் தொடாமல் கடந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, #800000 என்ற அரக்கு நிறம் ஆர்ஜிபியில் 128, 0, 0. ஓகேஎல்சிஎச் முறையில் அது ஏறத்தாழ ஒளிர்வு 37.7 சதவீதம், நிறச்செறிவு 0.155, நிறக்கோணம் 29.2. நிறங்கள் பலவாக இருந்தால் கையால் மாற்ற வேண்டாம். லைட்னிங் சிஎஸ்எஸ் போன்ற கருவியிடம் குரோம் 109-ஐ இலக்காகச் சொன்னால் அதுவே மாற்றித் தரும். ஆனால் இரண்டு நிறங்களைக் கலக்கும் 'கலர்மிக்ஸ்' (color-mix) கட்டளையில், பக்கம் திறந்த பிறகு மாறக்கூடிய மாறிகள் இருந்தால், எந்தக் கருவியாலும் முன்கூட்டியே விடை சொல்ல முடியாது. அங்கே பொருத்தமான நிறத்தை நீங்களே தேர்ந்து எழுத வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓகேஎல்சிஎச் முறையில், சாதாரணத் திரையின் ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே இருக்கும் அடர்ந்த பச்சையையும் மஞ்சளையும்கூட எழுதிவிடலாம். அவற்றை மாற்றும்போது எல்லை மீறிய எண்களை 0-க்கும் 255-க்கும் வெட்டிவிட்டால் நிறத்தின் சாயலே மாறிப்போகும். ஒளிர்வையும் நிறக்கோணத்தையும் அப்படியே வைத்து, நிறச்செறிவை மட்டும் எல்லைக்குள் வரும்வரை குறைப்பதே நல்ல முறை. டைல்ஸின் நிறத்தைத் திரையில் பார்த்து முடிவு செய்யும் வாடிக்கையாளருக்கு இது சிறிய விஷயமல்ல. அதனால் நிறப்பட்டியலில் ஒவ்வொரு நிறக் கட்டத்தின் அருகிலும் உண்மையான கல்லின் புகைப்படத்தையும் வையுங்கள். ஸ்டைல்ஷீட்டை மாற்றி முடித்த பின், பட்டறையிலுள்ள அதே விண்டோஸ் 7 கணினியில் பக்கத்தைத் திறந்து, சித்தப்பாவையே ஒரு கல்லைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.